மிட்டுடோயோ 0–25 மைக்ரோமீட்டர்: அனலாக்கும் டிஜிட்டலும், கூடவே வரவேண்டிய ஜப்பானியப் பழக்கங்களும்

மைக்ரோமீட்டர் (பாகங்களின் தடிமனையும் விட்டத்தையும் அளக்கும் திருகுக் கருவி) வாங்க முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு மாடல்களுக்கு நடுவில் வந்து நிற்பார்கள். ஒன்று மிட்டுடோயோ 103-137: 0–25 மி.மீ. ரேஞ்ச், 0.01 மி.மீ. கோடு, ரேச்சட் (அளக்கும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முனைக் குமிழ்) வைத்த சாதாரண அனலாக். மற்றது 293-240-30: அதே ரேஞ்ச், 0.001 மி.மீ. வரை காட்டும் டிஜிட்டல், கூலண்ட் தெறித்தாலும் தாங்கும் ஐபி65 பாதுகாப்பு. அனலாக்கின் பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டிஜிட்டலுக்கு 1 மைக்ரான். டிஜிட்டலின் விலையில் அனலாக் இரண்டு வாங்கிவிடலாம்.

இரண்டுமே கொடுத்த காசுக்கு உழைக்கும். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் அந்த 1 மைக்ரான் தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போது இருந்த துல்லியம். உங்கள் ஷாப்பில் அதே கருவி 1 மைக்ரானும் தரலாம், 8 மைக்ரானும் தரலாம். வித்தியாசம் கருவியைப் பிடிக்கும் முறையிலும், அதைச் சுற்றி ஷாப் வைத்திருக்கும் வழக்கங்களிலும் இருக்கிறது. ஜப்பானிய இயந்திரத் தொழில் உலகுக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரும்பகுதி இந்த வழக்கங்கள்தான். அதனால் இங்கே கருவியையும் பழக்கத்தையும் சேர்த்தே பார்க்கிறோம்.

கம்பெனியின் வரலாற்றில் ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. மிட்டுடோயோவைத் தொடங்கிய யெஹான் நுமாட்டா, ஹிரோஷிமா பகுதியில் ஒரு பௌத்தக் கோயில் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துத் திரும்பி, பௌத்த போதனைகளைப் பரப்புவதற்கு நிலையான வருமானம் வேண்டும் என்று 1934இல் டோக்கியோவில் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார். ஜப்பான் அப்போது வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த மைக்ரோமீட்டரை உள்நாட்டிலேயே செய்வது அவர் எடுத்துக்கொண்ட வேலை. 1937இல் விற்பனைக்கு வந்தது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதையே பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டே போகும் குணம் அங்கிருந்தே தொடங்குகிறது.

அனலாக்கைக் கையில் எடுத்தால் முதலில் கவனிக்க வேண்டியது ஸ்பிண்டில் (நகர்ந்து வந்து பாகத்தைத் தொடும் தண்டு) ஓட்டம். திம்பிளை (கையால் சுற்றும் உறை) ஒரு சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் 0.5 மி.மீ. நகரும், திம்பிளில் 50 பிரிவு, ஒரு பிரிவு 0.01. 0 முதல் 25 வரை ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்திலும் இறுக்கமோ தளர்வோ மாறக் கூடாது. அளவு எடுக்கும் இரண்டு முகங்களும் கார்பைடு முனை வைத்தவை. தேய்மானம் மெதுவாகத்தான் வரும். ஃபிரேமில் ஸ்பிண்டிலைப் பூட்டும் லாக் இருக்கிறது. அளவு எடுத்த நிலையிலேயே பூட்டிவிட்டு வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் படிக்க அது உதவும். அதைப் பூட்டிவிட்டு ஸ்னாப் கேஜ் (நிலையான இடைவெளி கொண்ட அளவுக் கவ்வி) போல ஜாப்பை, அதாவது அளக்க வேண்டிய பாகத்தை, உள்ளே திணிப்பது சில ஷாப்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் கார்பைடு முகத்தின் ஓரம் சிதறும், ஃபிரேமும் விரியும்.

படிப்பதில் வரும் தவறு பெரும்பாலும் அரை மி.மீ. கோட்டில்தான். ஸ்லீவில் (திம்பிளுக்குள் நகராமல் நிற்கும் உருளை) மேல் பக்கம் முழு மி.மீ., கீழ்ப் பக்கம் அரை மி.மீ. கோடுகள். 12.90 இருக்கும் ஜாப்பில், அரைக் கோடு திம்பிள் ஓரத்தைத் தாண்டி வெளியே தெரிகிறதா என்று பார்க்காமல் விட்டால் 12.40 என்று எழுதிவிடுவார்கள். அரை மி.மீ. தவறு என்பதால் அசெம்பிளியில் உடனே தெரிந்துவிடும் என்று நினைக்கலாம். ஆனால் ஆபரேட்டர் அந்தத் தவறான ரீடிங்கை வைத்து டூல் ஆஃப்செட் (மெஷினில் வெட்டும் டூலின் நிலையைத் திருத்தும் எண்) போட்டிருந்தால், தெரிவதற்குள் அந்த பேட்ச் ஸ்கிராப் ஆகியிருக்கும். புதிய ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுக்க 12.9 ஸ்லிப் கேஜை (அளவு துல்லியமாகத் தெரிந்த உலோகக் கட்டை) விடச் சிறந்த பாடம் கிடையாது. கேஜின் மேல் அளவு தெரியாதபடி மூடி, படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ரேச்சட்டின் வேலை அழுத்தத்தை ஒரே அளவில் வைப்பது. இந்தக் கருவிகளில் அது 5 முதல் 10 நியூட்டன் வரை. முகம் ஜாப்பை லேசாகத் தொடும்வரை திம்பிளைச் சுற்றலாம். அதன் பிறகு ரேச்சட்டை மட்டும்தான் சுற்ற வேண்டும், மூன்று நான்கு ‘டிக்’ போதும். வேகமாகக் கொண்டுபோய் மோதிவிட்டு ரேச்சட்டைச் சுற்றினால் பயனில்லை, மோதிய வேகமே ஸ்பிண்டிலைக் கூடுதலாகத் தள்ளியிருக்கும். அனுபவமுள்ள கைகள் ரேச்சட்டைத் தொடாமல் திம்பிளிலேயே அளவு எடுப்பதுண்டு. அந்த ஒருவர் வரைக்கும் சரியாக வரும். அடுத்த ஷிஃப்டில் இன்னொருவர் அதே ஜாப்பை எடுத்தால் 3, 4 மைக்ரான் மாறும், யாருடையது சரி என்ற சண்டை தொடங்கும். ஜப்பானிய ஷாப்களில் ‘நல்ல கை’ உள்ளவரையும் ரேச்சட் பிடிக்கச் சொல்வது இதனால்தான். ஒருவருடைய திறமையை எல்லாரும் செய்யக்கூடிய முறையாக மாற்றி எழுதிவைக்கும் வழக்கம் அது.

ஜீரோ பார்ப்பதற்கு வழிமுறை இது. சுத்தமான, தூள் உதிராத காகிதத்தை இரண்டு முகங்களுக்கு நடுவில் வைத்து ரேச்சட்டால் லேசாகப் பிடியுங்கள். காகிதத்தை மெதுவாக இழுங்கள், ஆனால் அதன் ஓரம் முகத்துக்குள் வருமுன் ஸ்பிண்டிலைத் திறந்துவிடுங்கள். ஓரத்தில் இருக்கும் நார் முகத்தில் ஒட்டினால் துடைத்ததே வீண். பிறகு ரேச்சட்டால் மூடி, மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றால்தான் அது ஜீரோ பிழை. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் அது அழுக்கு அல்லது தளர்வு, அதை அட்ஜஸ்ட் செய்து சரிக்கட்ட முடியாது. பிழை 0.01க்குள் இருந்தால் கூட வரும் சாவியை ஸ்லீவின் பின்பக்கத் துளையில் மாட்டி ஸ்லீவைத் திருப்பினால் போதும். அதற்கு மேல் இருந்தால் ரேச்சட்டைத் தளர்த்தி திம்பிளையே நகர்த்தி வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய பிழை சும்மா வராது. கீழே விழுந்ததா என்று முதலில் விசாரியுங்கள்.

டிஜிட்டலுக்கு வருவோம். 293-240-30இன் பெரிய லாபம் அரை மி.மீ. தவறு ஒழிந்துபோவது. அடுத்த லாபம் 1 மைக்ரான் ரெசல்யூஷன். 20 கே6 பேரிங் சீட்டை (ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம்; கே6 என்பது அளவு வரம்பின் குறி) எடுத்துக்கொள்ளுங்கள்: 20.002 முதல் 20.015 வரை, மொத்தம் 13 மைக்ரான் டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் இடைவெளி. டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது கருவி பிரித்துக் காட்ட வேண்டும் என்பது பழைய விதி. 0.01 கோட்டில் இந்த ஜாப்பை அளப்பது ஊகத்தில் ஓட்டுவதுதான். கோட்டுக்கு நடுவில் கண்ணால் பிரித்து 5 மைக்ரான், 7 மைக்ரான் என்று சொல்பவர்கள் உண்டு; பார்க்கும் கோணம் சற்றே மாறினாலும் அந்தக் கணக்கு மாறும். ஹெச்9, ஹெச்11 போன்ற தளர்வான வரம்புள்ள வேலைகளுக்கு அனலாக் தாராளமாகப் போதும். கே6, ஹெச்6 என்று வந்துவிட்டால் டிஜிட்டல்தான்.

டிஜிட்டலில் மாட்டிவிடக்கூடியது ஜீரோ பட்டன். அதைத் தட்டினால் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடமே ஜீரோ ஆகிவிடும். இரண்டு ஜாப்களின் வித்தியாசம் பார்க்க அது வசதி. ஆனால் திரையில் இன்கிரிமென்டல் குறி (தற்காலிக ஜீரோவிலிருந்து அளப்பதைக் காட்டுவது) எரிந்துகொண்டிருப்பதைக் கவனிக்காமல் அடுத்தவர் எடுத்து அளந்தால் எல்லாம் தப்பு. அதே பட்டனை நீட்டி அழுத்தினால் பழைய ஆதாரப் புள்ளிக்குத் திரும்பும். ஆரிஜின் பட்டன் அந்த ஆதாரப் புள்ளியையே மாற்றக்கூடியது, அதை செட்டர் (மெஷினையும் கருவிகளையும் அமைத்துத் தருபவர்) தவிர வேறு யாரும் தொடக் கூடாது. கருவியிலேயே ஃபங்ஷன் லாக் இருக்கிறது. காலையில் ஜீரோ பார்த்து முடித்ததும் பூட்டிவிடுங்கள். தவறு செய்யாதே என்று ஆளிடம் சொல்வதை விடத் தவறு செய்ய முடியாதபடி பொருளை அமைத்துவிடு என்பது ஜப்பானியத் தொழிற்பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1960களில் வளர்த்தெடுத்த போகா-யோகே முறை. அந்தச் சின்ன லாக் அதே வம்சத்தைச் சேர்ந்தது. பல ஷாப்களில் அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. கையேட்டைப் பிரித்துப் பார்த்தால்தானே.

பேட்டரி எஸ்ஆர்44. எல்ஆர்44உம் அதே உருவத்தில் உட்காரும், விலையும் குறைவு. ஆனால் அந்த ஆல்கலைன் செல்லின் வோல்டேஜ் உபயோகத்தில் படிப்படியாக இறங்கும், அதனால் குறைந்த பேட்டரி எச்சரிக்கை சீக்கிரமே வந்துவிடும். சில்வர் ஆக்சைடு செல் கடைசிவரை நிலையாக நின்று பிறகு சட்டென்று விழும். பேட்டரி மாற்றினால் ஆதாரப் புள்ளி போய்விடும், மறுபடி ஆரிஜின் வைக்க வேண்டும். ஷிஃப்ட் நடுவில் பேட்டரி மாற்றியவர் அதை மறந்தால் அந்த நாளின் மிச்ச ரீடிங் எதையும் நம்ப முடியாது. பேட்டரி மாற்றிய தேதியையும் ஜீரோ வைத்தவர் பெயரையும் பதிவில் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. ஐபி65 என்றால் தூசி உள்ளே போகாது, பீய்ச்சும் நீர் தாங்கும். கூலண்ட் தொட்டியில் ஊறவைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் சுருள் ஒட்டிக்கொண்டு மூடினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

இனி வெப்பம். தமிழ்நாட்டு ஷாப்களில் அதிக மைக்ரான்களைத் தின்பது இதுதான். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்குச் சொல்லப்பட்டவை. ஸ்டீல் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். கருவியும் ஸ்டீல், ஜாப்பும் ஸ்டீல், இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தால் 35 டிகிரி ஷாப்பிலும் பெரிய பிரச்சினை இல்லை, இரண்டும் சேர்ந்தே நீண்டிருக்கும். பிரச்சினை வருவது மெஷினிலிருந்து சூடாக இறங்கும் ஜாப்பில். ஜாப் கருவியை விட 12 டிகிரி சூடாக இருந்தால் 20 மி.மீ. விட்டம் கிட்டத்தட்ட 2.8 மைக்ரான் பெரிதாகத் தெரியும். 13 மைக்ரான் டாலரன்ஸில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 20.004 என்று படித்து ஓகே போட்ட ஷாஃப்ட், ஆறிய பிறகு 20.001க்கு வந்து வரம்புக்கு வெளியே விழும். வாடிக்கையாளரின் ஏசி அறையில் ரிஜெக்ட் ஆகும் ஜாப்களில் பலவற்றின் கதை இவ்வளவுதான்.

அலுமினியத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் விரிவு ஸ்டீலை விட ஏறக்குறைய இரு மடங்கு. கருவியும் ஜாப்பும் இரண்டுமே 35 டிகிரியில் நன்றாக ஆறி உட்கார்ந்திருந்தாலும், 20 மி.மீ. அலுமினிய ஜாப் 20 டிகிரியில் இருக்கப்போகும் அளவை விட 3.5 மைக்ரான் பெரிதாகத்தான் படிக்கும். வழி எளியது. அதே மெட்டீரியலில் அளவு தெரிந்த ஒரு மாஸ்டர் பீஸை மெஷின் பக்கத்திலேயே வைத்து, அதோடு ஒப்பிட்டு அளந்தால் வெப்பத்தின் பெரும்பகுதி கழிந்துபோகும். ஸ்டீல் ஜாப்களை கனமான வார்ப்பிரும்பு பிளேட்டின் மேல் சிறிது நேரம் வைத்தால் சீக்கிரம் ஆறும், மைக்ரோமீட்டரையும் அதே பிளேட்டில் வையுங்கள். எவ்வளவு நேரம் என்பதை ஊகிக்க வேண்டாம். ஒரே ஜாப்பை இறங்கியவுடன் ஒருமுறை, பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். ரீடிங் எப்போது நகராமல் நிற்கிறதோ அதுவே அந்த ஜாப்புக்கான நேரம். அதை வேலைத் தாளில் ஏற்றுங்கள். ஃபிரேமில் இருக்கும் பிளாஸ்டிக் தகடு கைச்சூட்டைத் தடுப்பதற்கு. அதைப் பிடித்தால்தான் அதற்கு வேலை. ஏசி அறையில் இது நன்றாகவே கவனிக்க வேண்டிய ஒன்று.

பழக்கங்களில் எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று கேட்டால், ஷிஃப்ட் ஆரம்பச் சோதனை என்போம். ஜப்பானிய ஷாப்களில் வேலை தொடங்குமுன் கருவியையும் மெஷினையும் பார்த்துக் குறிக்கும் தாள் இருக்கும். இங்கேயும் அந்தத் தாள் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் டிக் போடுவதற்கு மட்டும் கட்டம் வைத்திருப்பார்கள். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் 26 டிக்கும் விழுந்திருக்கும். கட்டத்தை மாற்றுங்கள். டிக்குக்குப் பதில் ஜீரோ ரீடிங் என்ன, ஒரு ஸ்லிப் கேஜின் ரீடிங் என்ன என்று எண்ணாக எழுதச் சொல்லுங்கள். 0.000, 10.300, அடுத்த நாள் 0.001, 10.301. எண்ணை எழுத வேண்டுமென்றால் கருவியைக் கையில் எடுத்தே ஆக வேண்டும்.

எண் எழுதுவதால் இன்னொரு பெரிய பயனும் உண்டு. செவ்வாய்க் காலை ஜீரோ சரி, புதன் காலை 6 மைக்ரான் தப்பு என்றால், செவ்வாய்க்கிழமை அளந்த ஜாப்கள் மட்டும்தான் சந்தேகத்தில் வரும். அவற்றைப் பிரித்து மறுபடி அளந்தால் போதும். பதிவு இல்லாத ஷாப்பில் கடைசி காலிபரேஷன் (கருவியின் துல்லியத்தைத் தரமான அளவோடு ஒப்பிட்டுச் சோதிப்பது) வரை போக வேண்டும், அது ஒரு வருடமாகக்கூட இருக்கலாம். கருவி தப்பாக இருப்பது தெரிந்தால் அதற்கு முன் எடுத்த அளவுகள் செல்லுமா என்று பார்க்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 9001இலேயே உள்ள நிபந்தனை. தினமும் எழுதும் இரண்டு எண்கள் அந்த வேலையை ஒரு நாளுக்குள் சுருக்கிவிடும்.

அடுத்தது, 1 மைக்ரான் காட்டும் கருவி கையில் வந்ததும் வரும் ஆசை. ஒவ்வொரு ஜாப்பாக அளந்து, 3 மைக்ரான் கூடினால் ஆஃப்செட்டில் 3 குறைப்பது, 2 குறைந்தால் 2 கூட்டுவது. அக்கறையோடுதான் செய்கிறார்கள், ஆனால் ஜாப் இன்னும் மோசமாகும். மெஷினின் இயல்பான சிதறல் ஒவ்வொரு ஜாப்பிலும் தானாகவே கூடும் குறையும். அதைத் துரத்தி அட்ஜஸ்ட் செய்தால் சிதறல் ஏறக்குறைய 40 சதவீதம் பெருகும் என்பதைத் தர மேலாண்மை நிபுணர் டெமிங் தன் புனல் சோதனையில் காட்டினார். தொடர்ந்து ஐந்து ஜாப் எடுத்து ரீடிங்கை வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். புள்ளிகள் ஒரே திசையில் நகர்ந்தால் டூல் தேய்கிறது, அப்போது ஆஃப்செட் போடலாம். மேலும் கீழுமாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். முதல் ஜாப், நடு ஜாப், கடைசி ஜாப் என்று மூன்றையும் எடுத்துவைத்து அளக்கும் ஜப்பானிய வழக்கம் இதற்கு நல்ல தொடக்கம். கடைசி ஜாப் சரியாக இருந்தால் நடுவில் டூல் உடைந்து எதுவும் ஆகவில்லை என்பதற்கு ஓரளவு உறுதி கிடைக்கும், அடுத்த செட்டிங்குக்கும் அதுவே தொடக்கப் புள்ளி.

இலக்கை நடுவில் வைப்பதும் இதோடு சேர்ந்தது. வரம்புக்குள் இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்கும் ஷாப்பில் ஜாப்கள் ஒரு ஓரத்தில் குவியும். பாதுகாப்புக்காக ஷாஃப்டைப் பெரிதாகவே விட்டுவைப்பது வழக்கம், ரீவொர்க் செய்ய இடம் இருக்கட்டும் என்று. ஷாஃப்ட் மேல் ஓரத்திலும் பேரிங் உள்விட்டம் கீழ் ஓரத்திலும் சேர்ந்தால் அசெம்பிளியில் சுத்தியல் எடுக்க வேண்டி வரும். 1980களில் ஃபோர்டு, ஒரே வரைபடத்தில் தானும் மஸ்தாவும் செய்த கியர்பாக்ஸ்களை ஒப்பிட்டது. மஸ்தாவின் பாகங்கள் வரம்பின் நடுவில் மிகச் சிறிய சிதறலோடு இருந்தன, வாரண்டி புகார்களும் குறைவு. ரீடிங் மாறவே இல்லையே என்று அளந்தவர் கேஜ் கெட்டுவிட்டதாகச் சந்தேகப்பட்டார் என்று சொல்லப்படுவதுண்டு. 20 கே6இல் நடு 20.0085. ஆபரேட்டரிடம் 20.002 முதல் 20.015 என்று கொடுப்பதற்குப் பதில் 20.008ஐக் குறிவைக்கச் சொல்லுங்கள், வரம்பைப் பிறகு சொல்லுங்கள்.

இத்தனையும் செய்தும் வீணாகும் ஒரு இடம் உண்டு: அளவு தப்பு என்று தெரிந்தும் மெஷினை நிறுத்த ஆபரேட்டருக்கு அதிகாரம் இல்லாத ஷாப். டொயோட்டா குழுமத்துக்கு அடித்தளமிட்ட சகிச்சி டொயோடாவின் 1924ஆம் வருட தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். டொயோட்டாவில் தொழிலாளி லைனையே நிறுத்தலாம் என்ற வழக்கம் அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்தது. நிறுத்த முடியாத இடத்தில் ரீடிங் எழுதுவது வெறும் எழுத்து வேலையாகிவிடும், பிறகு ரீடிங்கே பொய்யாகும். ஜப்பானிலும் இது நடந்தது. கோபே ஸ்டீல், அலுமினியம், செம்புப் பொருள்களின் சோதனைத் தரவுகளை மாற்றி எழுதியதை 2017இல் ஒப்புக்கொண்டது. அங்கே நல்ல அளவுக் கருவிகளுக்கா பஞ்சம்? ஜப்பான் என்றாலே எல்லாம் சரி என்று நம்புவதும், அவர்களுடைய தாள்களை மட்டும் நகலெடுப்பதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். முறையை முழுதாக எடுத்துக்கொண்டால் இங்கேயும் வரும் என்பதற்குச் சென்னை சுந்தரம் கிளேட்டன் சான்று. 1998இல், தர மேலாண்மைக்கு ஜப்பானில் வழங்கும் டெமிங் விருது பெற்ற முதல் இந்திய நிறுவனம் அது. அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் சில தமிழ்நாட்டு ஆட்டோ பாக நிறுவனங்கள் அதே வரிசையில் வந்தன.

இந்த மைக்ரோமீட்டர்களால் முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் வரும் ஷாஃப்ட் மூன்று முக உருண்டையாக இருக்கலாம். எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் விட்டம் ஒன்றாகவே காட்டும், ஆனால் பேரிங்குக்குள் வட்டமாக உட்காராது. இரண்டு புள்ளி அளவில் அது பிடிபடாது, வி-ஆன்வில் மைக்ரோமீட்டரோ வி-பிளாக்கும் டயலுமோ வேண்டும். குறுகிய பள்ளங்களுக்கு 6.35 மி.மீ. விட்ட ஸ்பிண்டில் உள்ளே போகாது, பிளேடு வகை தனி. ஓரத்தில் பர் (வெட்டியபின் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு) இருந்தால் முகம் பர்ரின் மேல்தான் உட்காரும், எடுக்காமல் அளக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் ஒரே ஜாப் ஓடும் லைனில் ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரால் அளப்பது நேரமும் வீண், முகமும் தேயும். கோ, நோ-கோ கேஜ் (வரம்புக்குள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் காட்டும் கேஜ்) வைத்துப் பிரித்துவிட்டு, மைக்ரோமீட்டரை வரைபடத்துக்கு எடுக்கும் ஜாப்களுக்கு மட்டும் வையுங்கள். மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கும் ஜாப்பை அளப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, கருவி போவதற்கு முன் விரல் போகும்.

காலிபரேஷனில் ஒரு அழகான நுணுக்கம். 0–25 மைக்ரோமீட்டரைச் சோதிக்கப் பயன்படும் ஸ்லிப் கேஜ் வரிசை 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15, 17.6, 20.2, 22.8, 25. வட்டமான எண்களாக 5, 10, 15, 20 என்று வைத்தால் திம்பிள் ஒவ்வொரு முறையும் ஜீரோ கோட்டிலேயே வந்து நிற்கும். ஸ்குரூவின் ஒரு சுற்றுக்குள் இருக்கும் பிழை கண்ணிலேயே படாது. 5.1இல் திம்பிள் 10இல் நிற்கும், 7.7இல் 20இல், 10.3இல் 30இல், 12.9இல் 40இல். இப்படி ஸ்குரூவின் நீளமும் சுற்றும் இரண்டுமே சோதனைக்குள் வந்துவிடுகின்றன. முகங்கள் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்கும் ஆப்டிக்கல் பேரலல் கண்ணாடிகள் நான்கும் 12.00, 12.12, 12.25, 12.37 என்று இருப்பதும் அதே காரணத்துக்குத்தான்: ஒவ்வொன்றிலும் ஸ்பிண்டில் கால் சுற்று திரும்பி நிற்கும். கண்ணாடியில் தெரியும் ஒவ்வொரு நிறக்கோடும் சுமார் 0.32 மைக்ரான். காலிபரேஷன் லேபிடம் வெறும் 5, 10, 15, 20 ரீடிங் வந்தால் எந்த வரிசையில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

வைக்கும் முறைக்கு நாலு வரி போதும். முகங்களை ஒட்டி மூடி வைக்காதீர்கள், 0.1 முதல் 1 மி.மீ. வரை இடைவெளி விடுங்கள். ஸ்பிண்டிலை லாக் செய்து வைக்காதீர்கள். மெஷின் கவரின் மேல் வைத்தால் சூடும் அதிர்வும் சேரும், ஒருநாள் கீழேயும் விழும். டூல் டிராலியில் கருவியின் உருவத்துக்கே வெட்டிய ஃபோம் தட்டு வையுங்கள். இடம் காலியாக இருந்தால் யாரோ எடுத்துப்போனது தூரத்திலிருந்தே தெரியும். இரவு போகும்போது கூலண்டைத் துடைத்து, முகங்களில் மெல்லியதாகத் துருத்தடுப்பு எண்ணெய் தடவுங்கள், காலையில் அதைத் துடைத்த பிறகே ஜீரோ. கடலோர ஊர்களில் இதை ஒருநாள்கூட விட வேண்டாம்.

வாங்கும்போது போலிகளைக் கவனியுங்கள். மிட்டுடோயோ பெயரில் வரும் நகல்கள் சந்தையில் நிறைய. விலை மற்ற கடைகளை விட மிகவும் குறைவாக இருந்தால் அதுவே முதல் அறிகுறி. கோடுகளின் ஓரம் மங்கியிருப்பது, ஓட்டத்தில் இடத்துக்கு இடம் இறுக்கம் மாறுவது, பெட்டியில் உள்ள எண்ணும் கருவியில் உள்ள எண்ணும் பொருந்தாதது ஆகியவை அடுத்தவை. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கி, ஒரு ஸ்லிப் கேஜோடு கவுண்டரிலேயே சோதித்துப் பாருங்கள். டிஜிட்டலோடு வரும் ஆய்வுச் சான்றிதழ் ஆடிட்டருக்குப் போதாது. என்ஏபிஎல் (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் இந்திய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபின் காலிபரேஷன் சான்றிதழை முதல் நாளே எடுத்துவைத்துக்கொண்டு பிறகு ஷாப்புக்குள் விடுங்கள். ஆர்டரில் ‘டிஜிட்டல் மைக்ரோமீட்டர்’ என்று மட்டும் எழுதாமல் மாடல் எண்ணை முழுதாக எழுதுங்கள். 293-240-30இல் டேட்டா வெளியீடு கிடையாது. ரீடிங்கை நேராகக் கணினிக்கு அனுப்பி எஸ்பிசி (புள்ளியியல் முறைத் தரக் கட்டுப்பாடு) வரைபடம் போடும் எண்ணம் இருந்தால் 293-230-30 வாங்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வழி இல்லை.